பம்பில் கை வைக்க விடும் முன் சைலன்சரைப் பாருங்கள்

பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள், முக்கியமாக மலையில் ஓட்டுகிறவர்கள், இதைப் படித்துவிடுங்கள். காலையில் ஸ்டார்ட் ஆகாத கோளாறுக்காக ஒரு பட்டறையில் 41,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். கோளாறு இருந்தது ஒரு ரப்பர் ஹோஸிலும் இரண்டு செம்பு வாஷரிலும்.

என்னுடையது பழைய டாடா 407. ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவதுதான் பிழைப்பு. டிரைவர் வைக்கவில்லை, நானே ஓட்டுகிறேன். போன டிசம்பரில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்த நாட்களில்தான் தொந்தரவு ஆரம்பித்தது. காலையில் விட்டு விட்டு ஏழெட்டு முறை செல்ஃப் அடித்தால்தான் எஞ்சின் பிடிக்கும். ஒருமுறை ஓடிவிட்டால் அன்று முழுக்கத் தொட்டதும் ஸ்டார்ட். மலை ஏறும்போது இழுவையிலும் குறையில்லை.

இன்னொன்றையும் கவனித்திருந்தேன். ராத்திரி வண்டியை மேடு பார்த்து நிறுத்தினால் மட்டும்தான் இந்தப் பாடு. பள்ளம் பார்த்து நிறுத்தினால் சரியாக எழுந்துவிடும். பட்டறையில் இதைச் சொன்னேன். பட்டறைக்காரர் காதில் வாங்கவே இல்லை. "பம்ப் வீக், எலிமென்ட் போச்சு, நாசில் நாலும் மாத்தணும்" என்றார். பம்ப் என்றால் டீசலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்புவது, எலிமென்ட் அதற்குள் அழுத்தம் கொடுக்கும் பாகம், நாசில் டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சுவது. ஏர் ஃபில்டர் பக்கம் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்து ஒரே செல்ஃபில் ஓட வைத்தும் காட்டினார். அதைப் பார்த்துத்தான் நம்பினேன். அந்த ஸ்பிரே எதையும் நிரூபிக்காது. அதில் இருக்கும் ஈதர் சட்டென்று தீப்பிடிக்கும், டீசலே வராத எஞ்சின்கூட அதில் கொஞ்ச நேரம் ஓடும். அதையே பழக்கமாக்கினால் ரிங், பிஸ்டன் உடையும். குளிரில் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அடிப்பது பெரிய ஆபத்து.

ஐந்து நாள் வண்டி நின்றது. வெள்ளைத் தாளில் கையால் எழுதிய பில்லை நீட்டினார்கள். வண்டியை எடுத்து வந்த நான்காம் நாள் காலையில் மறுபடி அதே கதை. பட்டறைக்காரரிடம் கேட்டால், "அப்போ கம்ப்ரஷன் போயிருக்கும், எஞ்சின் இறக்கணும், ஒண்ணேகால் லட்சம் ஆகும்" என்கிறார். கம்ப்ரஷன் என்றால் எஞ்சின் உள்ளே காற்றை அழுத்தும் பலம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

மேட்டுப்பாளையத்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர்ல புகை வருதா தம்பி?" வரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தமாம். அப்போது பேட்டரி, எர்த் கேபிள், கம்ப்ரஷன், டைமிங் என்று பார்க்க வேண்டும். புகையே இல்லை என்றால் டீசல் எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை. மறுநாள் காலை செல்ஃப் தொடும் முன் டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பில் இருக்கும் கை பம்பை நன்றாக இறுகும்வரை அடிக்கச் சொன்னார். அடித்தேன். அதே குளிர், அதே எஞ்சின், அரை செல்ஃபில் பிடித்தது. கம்ப்ரஷன் போன எஞ்சின் அப்படிப் பிடிக்குமா?

அப்புறம் அவர் ஃபீட் பம்புக்கு வரும் லைனில் ஒரு கண்ணாடி டியூபை மாட்டினார். டீசலோடு குமிழ் குமிழாகக் காற்று வந்தது. டேங்க் பக்கத்து ஹோஸ் கிளாம்ப் அடியில் வெடித்திருந்தது, வாஷர்கள் தேய்ந்திருந்தன. அந்த லைன் உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே சொட்டாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். மேடு பார்த்து நின்றால் டேங்க் எஞ்சினை விடத் தாழ்ந்துவிடுகிறது. ராத்திரி முழுக்க டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடும். நான் முதல் நாளே சொன்ன விஷயம்தான் இது. கூலியோடு 850 ரூபாயில் முடிந்தது.

பம்பையும் அவர்தான் காட்டினார். பம்பைப் பிரித்து டெஸ்ட் பெஞ்சில் செட் செய்தால் பழைய கம்பி சீல் அறுபடும், புதிதாகக் கட்டுவார்கள். என் பம்பில் பழைய சீல் அப்படியே, பல வருட எண்ணெய் அழுக்கோடு இருந்தது. பிரிக்காத பம்புக்குத்தான் பணம் கொடுத்திருக்கிறேன். நாசில் மாற்றினார்களா என்று இனி சொல்ல முடியாது. பழைய நாசில்களை நான் கேட்டு வாங்கவில்லை. பிறகு போய்க் கேட்டபோது குப்பையில் போட்டாச்சு என்றார்கள். நீங்கள் பணம் கொடுக்கும் முன் பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். பம்ப் போகும் முன்னும் வந்த பின்னும் சீலைப் போட்டோ எடுங்கள்.

லோடு வண்டிக்கு நுகர்வோர் புகார் செல்லாது என்று பலர் சொன்னார்கள். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிகக் கணக்கில் சேர்ப்பதில்லை. புகாருக்கான காரணம் நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தும் சொல்லலாம். சீல் போட்டோ, போனில் பணம் அனுப்பிய கணக்கு, அந்த வெள்ளைத் தாள் மூன்றையும் வைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். வண்டியை இப்போது மேடு பார்த்துத்தான் நிறுத்துகிறேன். காலையில் அரை செல்ஃபில் எழுகிறது.