குடும்பம் சுமந்த மூவர்: கவிதா, காளி, சந்தானம்

பிள்ளையார் நோன்புக்கு, எங்கள் நகரத்தார் வழக்கப்படி இழை (மாவில் வைத்து ஏற்றிய திரியை வாயிலிடும் சடங்கு) எடுத்துக்கொள்வதற்காகக் காரைக்குடி வீட்டில் கூடிய எங்களில் ஐந்தாறு பேர், பட்டாலை என்னும் கூடத்தில் அமர்ந்து அடுத்தடுத்த மூன்று இரவுகளில் மூன்று பழைய படங்களைப் பார்த்தோம். 1974-இல் வந்த ‘அவள் ஒரு தொடர்கதை’, 1978-இல் வந்த ‘முள்ளும் மலரும்’, 1979-இல் வந்த ‘ஆறிலிருந்து அறுபது வரை’ ஆகிய இம்மூன்றிலும் உடன்பிறந்தவர்களுக்காக ஒருவர் வாழ்க்கையைக் கொடுக்கிறார் என்பதால், யாருடைய நடிப்பு மேலானது என்ற பேச்சு தானாகவே எழுந்தது. நடிப்பை முறையாகப் பயின்றவன் அல்லன் நான். பொழுதுபோக்குக்காகப் படம் பார்ப்பவன். ஆனாலும் அந்த மூன்றிரவுப் பேச்சில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டது. பாரம் சுமப்பவரை நல்லவராகக் காட்டுவது எளிது. சுமந்து சுமந்து அவர் எப்படிக் கசந்துபோனார் என்பதையும் மறைக்காமல் காட்டுவதில்தான் நடிகரின் திறமை தெரிகிறது.

அப்பத்தாவின் ஓட்டு, ‘ஆறிலிருந்து அறுபது வரை’ படத்தில் ரஜினிகாந்த் நடித்த சந்தானத்துக்கு. இயக்குநர் எஸ்.பி. முத்துராமன் காரைக்குடிக்காரர், எழுதிய பஞ்சு அருணாசலம் பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர் என்பதால் எங்கள் வீட்டில் அந்தப் படத்துக்குக் கொஞ்சம் ஊர்ப்பாசமும் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1950 டிசம்பரில் பிறந்த ரஜினிகாந்துக்குப் படம் வந்தபோது முப்பது வயதுகூட நிறையவில்லை. அந்த வயதில் அவர் அறுபது வயதுக்காரராகத் தளர்ந்து அமர்வதில் ஒப்பனை தெரிகிறதே தவிர முதுமை முழுதாகத் தெரியவில்லை. ஆனால் நடுப்பகுதியில், தாம் படிக்கவைத்து ஆளாக்கிய தம்பி தங்கைகளிடமே உதவி கேட்டு நிற்கும் இடங்களில், அவருக்கே உரிய வேகத்தையும் கைவீச்சையும் முற்றிலும் கழற்றி வைத்துவிட்டு, கூசிக் குறுகிய உடலோடு நிற்கிறார். அப்பத்தா அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அது பிடித்திருந்தது. எனினும் சந்தானம் யாரையும் மனதுக்குள்ளாவது திட்டுவதாகத் தெரிவதில்லை. கல்யாணமான மகனை அதே வீட்டில் தனிப் புள்ளியாக்கி (தனிக் குடும்பமாகக் கணக்கிட்டு), வேறு வைத்து, அடுப்பையும் செலவையும் பிரித்துவிடும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஐந்தொகை, அதாவது வரவு செலவுக் கணக்கு, போட்டுப் பாராமலேயே ஒருவர் ஆயுள் முழுவதும் கொடுத்துக்கொண்டிருப்பதை நம்ப எனக்குச் சற்றுச் சிரமமாகவே இருந்தது. குறை எழுத்தில் இருக்கலாம். நடிகரால் அதைத் தாண்ட முடியவில்லை.

‘முள்ளும் மலரும்’ படத்தின் காளியிடம் அந்தக் குறை இல்லை. ஒரே நடிகர், ஓர் ஆண்டு இடைவெளி, மறுபடியும் ஓர் அண்ணன். ஆனால் இயக்குநர் மகேந்திரனின் காளிக்குத் தங்கை மீது உள்ள பாசம் முரட்டுத்தனத்திலிருந்தும் பொறாமையிலிருந்தும் பிரிக்க முடியாதது. விஞ்ச் என்னும் கம்பிவட இழுவை வண்டியை இயக்கும் அந்தத் தொழிலாளி, சரத்பாபுவின் பொறியாளர் மீது கொள்ளும் வெறுப்பில் நியாயம் பாதிகூட இல்லை என்பது நமக்குத் தெரிந்தே இருக்கிறது. இருந்தும் அவனை விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. ஒரு கையை இழந்தபின் தங்கையை அணைத்துக்கொள்ளும் இடத்திலும், இறுதியில் அவளை விட்டுக்கொடுக்கும்போதும் அந்தப் பொறியாளரைத் தனக்கு இன்னும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் இடத்திலும், தோல்வியும் திமிரும் ரஜினியின் முகத்தில் ஒருசேர நிற்கின்றன. தங்கை வள்ளியாக வரும் ஷோபா அதிகம் பேசாமலே அவருக்கு ஈடுகொடுக்கிறார். அவர் இல்லையென்றால் காளியின் பாசம் வெறும் அதட்டலாகவே நின்றிருக்கும். அடுத்த ஆண்டே வந்த ‘பசி’ படத்துக்காகத் தேசிய விருது பெற்றவர் என்பதில் வியப்பில்லை.

என்னுடைய ஓட்டு ‘அவள் ஒரு தொடர்கதை’யின் சுஜாதாவுக்கு. தமிழில் அவருக்கு அதுவே முதல் படம் என்று சொன்னபோது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் நம்பவில்லை. கே. பாலசந்தர் படங்களில் வசனம் சில வேளைகளில் நடிப்பவரைத் தள்ளிவிட்டுத் தானே முன்னால் வந்து நிற்கும். கவிதாவாக வரும் சுஜாதா அந்த வசனங்களைச் சுள்ளென்று சொல்லிவிட்டு, சொல்லி முடித்த பிறகு வரும் ஓரிரு நொடிகளில்தான் உண்மையில் நடிக்கிறார். கைம்பெண்ணான தங்கை, குடிகார அண்ணன், பார்வையில்லாத தம்பி என எல்லோருக்கும் அவர் சம்பளமே சோறு போடுகிறது. ஆனால் கொடுக்கும்போதும் அவர் கடுமையாகவே பேசுகிறார், அந்தக் கடுமைக்காக ரசிகரிடம் மன்னிப்புக் கேட்பதுமில்லை. ‘தெய்வம் தந்த வீடு’ பாட்டில் சொற்களெல்லாம் அண்ணன் ஜெய்கணேஷுக்கு. சுஜாதாவுக்குக் கிடைப்பது முகம் மட்டுமே. என் ஆச்சி (அக்காவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) படிப்பு முடித்த நாளிலிருந்து வேலைக்குப் போய்த் தம்பிகள் எங்களைப் படிக்கவைத்தவர். அந்தப் பாட்டு முடிந்ததும் அவர் எதுவும் சொல்லாமல் எழுந்து வளவு என்னும் உள்முற்றத்துக்குப் போய்விட்டார். நானும் கேட்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘அவள் ஒரு தொடர்கதை’யைப் பாலசந்தரே 1976-இல் தெலுங்கில் ‘அந்துலேனி கதா’ என்று எடுத்தபோது, ஜெயப்பிரதா கவிதாவின் இடத்தில் நடிக்க, அந்தப் பொறுப்பற்ற குடிகார அண்ணனாக நடித்தவர் ரஜினிகாந்த். சுமையாக இருந்தவர் மூன்றே ஆண்டுகளில் சுமப்பவராகிவிட்டார்.

மூன்று படங்களையும் ஒரே மூச்சில் பார்த்ததால்தான் என் கண்ணில் பட்டது, மூன்றிலும் வருகிற இன்னொருவர். ‘படாபட்’ ஜெயலட்சுமி முதல் படத்தில் கவிதாவின் கவலையற்ற தோழி சந்திரா. அந்தப் படத்தில் அடிக்கடி சொன்ன சொல்லே பெயரோடு ஒட்டிக்கொண்டது. ‘முள்ளும் மலரும்’ படத்தில் காளியை மணக்கும் மங்கா, சாப்பாட்டின் மீது அடங்காத ஆசை கொண்டவள். ‘நித்தம் நித்தம் நெல்லு சோறு’ பாட்டைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் பாதிப்பேர் அடுக்களைப் பக்கம் போனார்கள். மூன்றாவதில் அதே ரஜினிக்கு மனைவியாகி, வறுமையிலும் வாடாத லட்சுமியாக வந்து தீயில் மடிகிறார். நகரத்துத் துடுக்கு, மலைப்பக்கத்து வெகுளித்தனம், நடுத்தரக் குடும்பத்துப் பொறுமை ஆகிய மூன்றும் ஒரே பெண்ணுடையவை என்று எடுத்துச் சொன்னால் ஒழியத் தெரியாது. சுஜாதாவைப் பற்றியும் ரஜினியைப் பற்றியும் நள்ளிரவு வரை வாதிட்ட எங்களில் ஒருவர்கூட அவர் பெயரைச் சொல்லவில்லை, ஷோபா மறைந்த அதே 1980-இல் அவரும் மறைந்தார் என்று நான் சொன்னபோது அப்பத்தா மட்டும், “அந்தப் பிள்ளையா?” என்று கேட்டுவிட்டு, மங்கா வரும் இடத்தை மறுபடியும் போடச் சொன்னார்.