கல் அசல், விலை வேறு கல்லுக்கு: ஏழுகல் தோடு வாங்கிய கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்களுக்கு விற்றது கண்ணாடிக் கல் இல்லை. அமெரிக்கன் டைமண்டும் இல்லை. சோதித்துப் பார்த்த எல்லாரும் வைரம் என்றுதான் சொன்னார்கள். அப்புறம் என்ன ஏமாற்று என்று கேட்டால், கைக்கு வந்தது ஒரு தரம், காசு வாங்கியது வேறொரு தரத்துக்கு. போலி நகை என்றால் போலீசில் கொடுத்துவிடலாம். இது அப்படி இல்லை, அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். தங்கம் ஏறிய ஏற்றத்தில் "பவுனைக் குறைச்சுட்டு வைரமா எடுங்க" என்று கடைக்காரர்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ தக்கலையோ, அடுத்த முகூர்த்தத்துக்கு நகை எடுக்கப் போகிறவர்கள் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரும் ஊரும் போடவில்லை. பின்னூட்டத்திலும் கேட்காதீர்கள்.

வாங்கியது மகளுக்கு ஏழுகல் தோடு. காதுக்கு ஏழு, ஆக 14 கல். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 சென்ட். விற்பனையில் நின்ற தம்பி கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினான். "அக்கா, மொத்தம் கிட்டத்தட்ட ஒரு கேரட் வருது. ஒரு கேரட் வைரம் வெளியில விசாரிச்சுப் பாருங்க, ஆறு லட்சத்துக்குக் குறையாது. நம்ம கடையில கேரட் ஒன்றரை லட்சம்தான்." அண்ணன் பக்கத்தில் இருந்தார், மைனியும் இருந்தாள். மூன்று பேருக்கும் நல்ல லாபம் என்றுதான் பட்டது. ஒரு கேரட் என்றால் 200 மில்லிகிராம், 100 சென்ட். 14 கல்லைக் கூட்டினால் 98 சென்ட். அவன் சொன்ன எடையில் பொய் இல்லை.

சூது விலையில் இருந்தது. வைரத்தின் விலை எடையோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை. கல் பெரிதாகப் பெரிதாக கேரட்டுக்கான விலையே ஏறிக்கொண்டு போகும். பெரிய முரட்டுக் கல் பூமியில் அபூர்வம்; அதைப் பட்டை தீட்டும்போது பாதிக்கு மேல் எடை பொடியாகப் போவதும் உண்டு. அதனால் ஒரே கல்லாக 1 கேரட் வாங்குவதும், 7 சென்ட் கற்களைக் கூட்டி 1 கேரட் ஆக்குவதும் ஒன்றல்ல. முழு 1 கேரட் வட்டக்கல் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். 7 சென்ட் கல் 2.7 தான். அரை கேரட், ஒரு கேரட் என்ற எல்லைகளில் விலை படியேறுவது போல ஏறும். 95 சென்ட் கல்லுக்கும் 1 கேரட் கல்லுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விலையில் நன்றாகவே தெரியும். குளச்சலில் மீன் வாங்குகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். கிலோவுக்குப் பத்து நிற்கிற றால் விலையைச் சொல்லிவிட்டு, கிலோவுக்கு நூறு நிற்கிற பொடி றாலை "கால்விலைக்குத் தாறேன்" என்று தள்ளிவிட்ட கதை. பிறகு வேறு கடைகளில் அதே 7 சென்ட் கல்லை, தரம் பில்லில் எழுதித் தருவீர்களா என்று கேட்டு விசாரித்தபோது, கேரட்டுக்கு 85,000 முதல் 90,000 வரைதான் சொன்னார்கள். அதுவும் அவன் வாயால் சொன்ன உயர்ந்த தரத்துக்கு.

அந்தத் தரக் கதைக்கு வருகிறேன். "விவிஎஸ், இ–எஃப் கலர்" என்று கடையில் பல தடவை சொன்னார்கள். வைரத்தின் நிறத்தை டி முதல் இசட் வரை எழுத்தால் குறிப்பார்கள். டி என்றால் நிறமே இல்லாதது, கீழே போகப் போக மஞ்சள் சாயல் கூடும். உள்ளே இருக்கும் புள்ளி, கீற்று முதலியவற்றை வைத்து இன்னொரு வரிசை: விவிஎஸ் என்றால் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் பழகிய கண்ணுக்கே சிரமப்பட்டுத்தான் தெரியும், அடுத்து விஎஸ், எஸ்ஐ என்றால் அதே லென்சில் எளிதாகத் தெரியும், ஐ என்றால் வெறுங்கண்ணுக்கே தெரியலாம். இவை எதுவும் எங்கள் பில்லில் இல்லை. "டைமண்ட் 0.98" என்று ஒரே வரி. கூடவே தங்க எழுத்தில் அச்சடித்த ஓர் அட்டை. அதை அடித்தது அந்தக் கடையேதான். விற்கிறவனே கொடுக்கும் சான்றிதழுக்கு என்ன மதிப்போ அதுதான் அதற்கும்.

விஷயம் வெளியே வந்தது வங்கியில். கல்யாணச் செலவுக்கு வேறு நகைகளோடு இந்தத் தோட்டையும் அடகு வைக்கப் போனபோது அப்ரைசர் லென்சை வைத்துப் பார்த்துவிட்டு, "இது 18 கேரட் தங்கம்லா, பில்லுல 22 ரேட் போட்டிருக்கு?" என்று கேட்டார். தங்கத்தில் கேரட் என்பது எடை இல்லை, தூய்மை. நகையில் இருந்த முத்திரை 750, அதாவது 18 கேரட். பில்லில் கணக்குப் போட்டது 916 விலைக்கு, அதாவது 22 கேரட். ஆயிரத்தில் 750 பங்கு தங்கத்துக்கும் 916 பங்குக்கும் உள்ள வித்தியாசத்தை அப்படியே சுருட்டியிருக்கிறார்கள். இதற்கு லேப் எல்லாம் தேவையில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எச்யூஐடி எண் கட்டாயம்; எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடம் வரும், அந்த நகைக்கே உரிய அடையாளம் அது. அரசின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் தூய்மை வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம். ஆனால் ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான். கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. "ஹால்மார்க் இருக்கு, பயப்படாதீங்க" என்று வைரத்துக்கும் சேர்த்துச் சொல்வார்கள், அதைக் காதில் வாங்க வேண்டாம்.

கல் எடையையும் தங்கத்தோடு சேர்த்தே நிறுத்திருந்தார்கள். வைரத்தில் இது சின்னத் திருட்டு. 98 சென்ட் என்பது 0.2 கிராமுக்கும் சற்றுக் குறைவு. சிவப்புக்கல் பதித்த மாலை எடுக்கிறவர்கள்தான் இதில் உஷாராக இருக்க வேண்டும், அங்கே கல்லும் அரக்குமே கிராம் கணக்கில் நிற்கும்.

அதன்பிறகு தோட்டை எடுத்துக்கொண்டு வடசேரியில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ஆசாரியிடம் போனோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மக்ளே, பின்பக்கம் மூடின கட்டு. கல்லோட நிறத்தை இதுல வச்சுச் சொல்ல முடியாது. அதோட இப்ப லேபுல வளக்குற கல்லு வருது, அத நான் மட்டுமில்ல, எவனும் கண்ணால பாத்துச் சொல்ல முடியாது" என்றார். நேர்மையான பதில். கடையில் பேனா மாதிரி ஒரு டெஸ்டரைக் கல்லில் வைத்து பீப் சத்தம் வந்ததும் "பாத்தீங்களா, ஒரிஜினல்" என்று காட்டினார்களே, அந்தக் கருவி கல் வெப்பத்தைக் கடத்துகிறதா என்று மட்டும் பார்க்கிறது. மாய்சனைட் என்ற வேறு கல்கூட அதில் தேறிவிடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் தேறுவதில் ஆச்சரியமே இல்லை, அதுவும் வைரம்தானே.

மாவட்டத்துக்கு வெளியே ஓர் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். நகையில் பதித்த கல் என்பதால் ஒரு வரம்பாகத்தான் எழுதித் தந்தார்கள்: நிறம் எச்–ஐ, தெளிவு எஸ்ஐ. கூடவே, 14 கற்களில் 5 கற்கள் ஆய்வகத்தில் வளர்த்தவை.

இதில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 7 சென்ட் கல்லில் விவிஎஸ்ஸுக்கும் விஎஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காதில் போட்டிருக்கும்போது ஒருத்தரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. நல்ல வெட்டு இருந்தால் எஸ்ஐ கல்கூட மின்னும். மின்னுவது வெட்டால்தான், அதைப் பற்றி எந்தக் கடையிலும் வாயைத் திறப்பதில்லை. குறைந்த தரம் வாங்குவது தப்பே இல்லை. குறைந்த தரத்துக்கு உயர்ந்த தரத்தின் விலையைக் கறப்பதுதான் கொள்ளை.

எந்த ஊர்க் கல் என்பதிலும் ஒரு நாடகம் நடந்தது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் "புளூ ஜாகர்" என்ற பெயர் எல்லாருக்கும் தெரியும். என் மாமியாரின் எட்டுக்கல் பேசரியைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்தப் பெயர் வராமல் இருக்காது. அது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்துக் கல்லின் பெயர், நீல வெள்ளையாகத் தெரிகிற கல். 1893இல் 995 கேரட் எக்செல்சியர் வைரம் கிடைத்தது அங்கேதான். அந்தச் சுரங்கத்தை 1971இலேயே மூடிவிட்டார்கள்; பின்னாளில் பழைய கழிவு மண்ணை மறுபடி சலித்து வைரம் எடுத்ததோடு சரி. எங்களுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? கடையில் ஒரு மூலை விளக்கை அணைத்துவிட்டு, புற ஊதா டார்ச்சை அடித்தார்கள். நாலைந்து கல் நீலமாக ஒளிர்ந்தது. "பாருங்கக்கா, நிஜ புளூ ஜாகர். நம்ம குமரி அம்மன் மூக்குத்தி மாதிரி ஜொலிக்குது பாருங்க." மைனி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கப்பல்காரன் கலங்கரை விளக்கென்று நம்பி வழிதவறினான் என்று மூக்குத்தியைப் பற்றிச் சொல்லும் கதை நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது!

புற ஊதா விளக்கில் நீலம் ஒளிர்வது ஒரு சுரங்கத்துக்கே உரிய அடையாளம் இல்லை. உலகில் எடுக்கும் வைரங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்று இப்படி ஒளிரும், பெரும்பாலும் நீலமாகவே. வியாபாரத்தில் அது பொதுவாக விலையைக் கூட்டுவதும் இல்லை. டி, இ, எஃப் மாதிரி உயர்ந்த நிறக் கல்லில் பலமாக ஒளிர்ந்தால் விலை குறையும். விலை குறையக் காரணமான ஒன்றைக் காட்டியே எங்களிடம் விலையை ஏற்றியிருக்கிறார்கள். பட்டை தீட்டி முடித்த சாதாரண வெள்ளைக் கல்லைப் பார்த்து எந்த நாட்டு மண் என்று பெரிய ஆய்வகத்தாலும் பொதுவாகச் சொல்ல முடியாது. ரஷ்யாவா, போட்ஸ்வானாவா, அங்கோலாவா என்பது தெரிய வேண்டுமென்றால் முரட்டுக் கல்லிலிருந்தே கணக்கு வைத்திருக்க வேண்டும். ஏலத்துக்கு வரும் பெரிய கோல்கொண்டா கற்களுக்கு ஊர்ப் பெயரால் விலை ஏறும், உண்மைதான். அது 7 சென்ட் தோட்டுக் கல்லின் சமாச்சாரம் இல்லை. "பெல்ஜியம் கட்டிங்" என்பதும் அப்படித்தான். இன்று உலகத்து வைரங்களில் பெரும்பகுதி பட்டை தீட்டப்படுவது குஜராத்தின் சூரத்தில்.

விலையை உண்மையில் புரட்டிப் போடும் பிறப்பிடம் ஒன்றுதான்: மண்ணா, மெஷினா. ஆய்வகத்தில் வைரம் செய்வதை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் 1954லேயே சாதித்துவிட்டது. இப்போது நகைக்கான கல்லே குவியல் குவியலாக வருகிறது, சூரத்திலும் வளர்க்கிறார்கள். அதே அளவு, அதே தரம் என்றாலும் மண்ணிலிருந்து எடுத்த கல்லின் விலையில் ஒரு சிறு பங்குதான் அதற்கு. அதுவும் வருடா வருடம் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. லேப் வைரம் என்று சொல்லி, அதற்கான விலைக்கு விற்றால் தாராளமாக வாங்குங்கள், அழகில் குறை கிடையாது. பொடிக் கற்களில்தான் கலப்படம் சுலபம், ஏனென்றால் ஒவ்வொரு கல்லையும் தனியாகச் சோதிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. சான்றிதழ் தந்தாலும் எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஐஜிஐ போன்ற ஆய்வகங்கள் இரண்டு வகைக் கல்லுக்குமே விவிஎஸ், இ என்று தரம் போட்டுத் தரும். தலைப்பில் "லேபரட்டரி குரோன்" என்று இருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

கடையில் போய்க் கேட்டோம். "நீங்க புளூ ஜாகர் கேட்டீங்க, நாங்க பில்லுல அப்படி எழுதலையே" என்றார் மேனேஜர். அதுவரை "அக்கா" என்றவர் அன்றைக்கு "மேடம்" ஆகிவிட்டார். திருப்பிக் கொடுத்தால் தங்கத்துக்கு மட்டும் அன்றைய விலை, கல்லுக்குப் பழைய நகை என்று பாதி கழிவு. பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் அதுவும் அச்சாகியிருந்தது.

நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பதிந்தோம். அடுத்து நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இணையத்தில் இ–ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். நகை வாங்கிய கடை வெளியூரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்கள் கையில் இருந்ததிலேயே கனமான ஆதாரம், தோட்டைப் பற்றி அந்தத் தம்பி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. "விவிஎஸ் இஎஃப் நேச்சுரல்" என்று அவனே தட்டச்சு செய்திருக்கிறான். கடையில் வாய்மொழியாக எது சொன்னாலும், "இத அப்படியே வாட்ஸ்அப்ல போட்டுருங்க தம்பி" என்று சிரித்துக்கொண்டே கேட்டு வாங்கிவிடுங்கள். பில்லில் கற்களின் எண்ணிக்கை, ஒரு கல்லின் அளவு, நிறம், தெளிவு, இயற்கையா லேபா என்பது, தங்கத்தின் நிகர எடை, கேரட் எல்லாம் தனித்தனி வரியாக வராவிட்டால் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். எழுதித் தர மாட்டேன் என்கிற கடையில் அந்த மறுப்பே பதில்.

ஆணையத்திலிருந்து நோட்டீஸ் போன பிறகு மேனேஜர் போன் செய்தார். மறுபடியும் "அக்கா". முழுத் தொகைக்கும் வேறு நகை எடுத்துக்கொள்ளலாம், மனுவை மட்டும் வாபஸ் வாங்கிவிடுங்கள் என்றார். வேறு நகை வேண்டாம், பணமாகத் தாருங்கள், அதையும் கடை லெட்டர்பேடில் எழுதி அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இந்தப் பதிவு போடும்வரை ஒன்றும் வரவில்லை. வந்தால் கீழே சேர்க்கிறேன்.