ஆவியும் ஒரு வாதிதான்: யூத நாட்டார் கதைப் பேய்ப்படங்களில் எதைப் பார்ப்பது?

1937இல் போலந்தில், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இட்டிஷ் மொழியில் எடுத்த ‘தி டிபுக்’ படத்தில், பேய் பிடித்த ஒரு மணப்பெண்ணை ரபியிடம், அதாவது யூத மதகுருவிடம், கூட்டி வருகிறார்கள். மந்திரம், அலறல், உருளல் என்று நாம் காத்திருக்க, அங்கே நடப்பது ஒரு வழக்கு விசாரணை. செத்துப்போய் வருடக்கணக்கான ஒருவர் அந்தப் பெண்ணின் தகப்பன் மேல் பிராது கொடுத்திருக்கிறார். அவரை விசாரணைக்கு அழைத்துவரக் கல்லறைக்கு ஆள் போகிறது. உயிரோடு இருப்பவர் ஒரு தரப்பு, இறந்தவர் ஒரு தரப்பு. தீர்ப்பும் வருகிறது: சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும், இறந்தவருக்காக ஆயுள் முழுக்க கடிஷ் பிரார்த்தனை சொல்ல வேண்டும். தகப்பன் தலையாட்டிவிடுகிறார். இறந்தவரின் தரப்பிலிருந்து மட்டும், தீர்ப்பை ஏற்கும் ‘ஆமென்’ வரவே இல்லை.

கதவு இடுக்கிலிருந்து முகம் பாய்ந்து வரும் காட்சிகளை எவ்வளவோ பார்த்தாயிற்று. அந்த வராத ‘ஆமென்’ அளவுக்கு எதுவும் என்னை உலுக்கவில்லை.

யூத நாட்டார் நம்பிக்கையை வைத்து எடுத்த திகில் படங்கள் கடந்த பதினைந்து வருடங்களில் ஓரளவு சேர்ந்துவிட்டன. எதில் தொடங்குவது, எதைத் தள்ளுவது என்று பார்ப்பதற்கு என்னிடம் ஓர் உரைகல் உண்டு. டிபுக் என்ற சொல்லின் வேர் எபிரேயத்தில் ‘ஒட்டிக்கொள்வது’. அது சாத்தானோ குட்டிச்சாத்தானோ இல்லை. செத்த மனிதனின் ஆன்மா. பாவத்தாலோ தீராத கணக்காலோ போக வழியில்லாமல் உயிருள்ள ஒருவரைப் பற்றிக்கொள்கிறது. 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகரில் ஐசக் லூரியா என்ற ஞானியைச் சுற்றியிருந்த கபாலா (யூத மறைஞானம்) வட்டத்தில் மறுபிறவிச் சிந்தனையோடு இந்த நம்பிக்கையும் வலுப்பெற்று, பிறகு கிழக்கு ஐரோப்பா முழுக்கப் பரவியது. அதனால் டிபுக் வந்தால் முதல் கேள்வி ‘உனக்கு என்ன வேண்டும், யார் உனக்குக் கடன்பட்டவர்?’ என்பதுதான். இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த படங்கள் தப்பிக்கின்றன. மற்றவை, கத்தோலிக்கப் பாதிரியாருக்குத் தாடி ஒட்டித் தொப்பி வைத்த படங்கள்.

நான்கு டிபுக்குகள்

‘தி டிபுக்’கின் கதை எளிது. இரண்டு நண்பர்கள், பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு இப்போதே சம்பந்தம் பேசி வைக்கிறார்கள். ஒருவர் இறந்துபோகிறார். மற்றவர் பணக்காரராகி வாக்கை மறந்துவிடுகிறார். இறந்தவரின் மகன் கோனன், ஏழை மாணவனாக அதே ஊருக்கு வந்து அதே பெண்ணைக் காதலிக்கிறான். அவளுக்குப் பணக்கார வரன் முடிவானதும் கபாலாவின் விலக்கப்பட்ட பக்கத்தில் கைவைத்துச் சாகிறான். கல்யாண நாளில் அவள் வாயிலிருந்து அவன் குரல் வருகிறது. முதலில் சொன்ன பிராதைக் கொடுத்தவர் அவனுடைய இறந்துபோன தகப்பன்.

மூல நாடகத்தை எழுதிய அன்ஸ்கி 1912 முதல் 1914 வரை வொலீனியா, பொதோலியா பகுதிகளில் ஊர் ஊராகச் சுற்றிக் கதைகளும் பாட்டுகளும் சேகரித்தவர். அந்த உழைப்பு படத்தின் ஒவ்வொரு சடங்கிலும் தெரிகிறது. கல்யாணத்துக்கு முன் மணப்பெண் கல்லறைக்குப் போய் இறந்த தாயை அழைக்கிறாள். பணக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பிச்சைக்காரர்களுக்கும் விருந்து, அவர்களோடு மணப்பெண் ஆடவும் வேண்டும். அந்த ஆட்டத்தில் மண்டையோட்டு முகத்தோடு ஓர் உருவம் அவள் கையைப் பிடிக்கிறது. யூதித் பெர்க் அமைத்த இந்தச் சாவு நடனம் ஒன்றுக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

இயக்குநர் மிகாவ் வஷின்ஸ்கியின் கதையே தனிப்படம். வொலீனியா யூதக் குடும்பத்தில் மோஷே வாக்ஸாகப் பிறந்து, கத்தோலிக்கராக மாறி, பிற்காலத்தில் ரோமிலும் மத்ரிதிலும் போலந்து இளவரசர் என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்தவர். வெளிப்புறக் காட்சிகளுக்கு கசிமியேஷ் தோல்னி என்ற ஊரைப் பயன்படுத்தினார்கள். ஜெபக்கூடக் காட்சியில் பாடும் கெர்ஷோன் சிரோட்டா அன்றைய புகழ்பெற்ற பாடகர்களில் ஒருவர்; 1943இல், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் இறந்தார். படம் வந்த ஐந்தாறு வருடங்களில் அந்த ஊரிலும் யூதர்கள் இல்லை. பார்க்கும்போது இதை மறக்க முடிவதில்லை, மறக்க வேண்டியதும் இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். நீளம் இரண்டு மணி நேரம். நடிப்பு மேடை நாடகத்தை விட்டு இறங்கவில்லை. முதல் அரை மணி நேரத்தில் தூக்கம் வந்தால் உங்கள் மேல் தப்பில்லை.

இதற்கு நேர் போட்டி மார்சின் வ்ரோனாவின் ‘டீமன்’ (2015). இதுவும் போலந்து, இதுவும் கல்யாணம். இங்கிலாந்திலிருந்து வரும் மாப்பிள்ளை, பெண்வீட்டார் கொடுத்த பழைய வீட்டின் முற்றத்தைத் தோண்டும்போது எலும்புகள் அகப்படுகின்றன. மறுநாள் விருந்தின் நடுவே அவன் உடல் வெட்டி இழுக்கிறது. வாயிலிருந்து இட்டிஷ் வருகிறது. பேசுவது ஹனா என்ற இறந்துபோன பெண். அங்கிருப்பவர்களில் வயதான யூத ஆசிரியர் ஒருவருக்கு மட்டும் அந்த மொழி புரிகிறது. மருத்துவர் வலிப்பு என்கிறார், பாதிரியார் நழுவுகிறார், மாமனார் இன்னும் வோட்கா கொண்டுவரச் சொல்கிறார். வெளியே மழை, உள்ளே ஆட்டம்.

1937இல் ஆவியின் வழக்கு விசாரிக்கப்பட்டது. 2015இல் மனுவையே யாரும் கையில் வாங்கவில்லை. வீடு யாருடையது, எலும்பு யாருடையது என்று கேட்டால் கல்யாண மண்டபம் மொத்தமும் எதிர்த் தரப்பாகிவிடும். அதனால் யாரும் கேட்பதில்லை. பேயோட்டும் காட்சி ஒன்றுகூட இல்லாத டிபுக் படம் இது. மாப்பிள்ளையாக வரும் இஸ்ரேலிய நடிகர் இத்தாய் திரான், ஒப்பனையோ கிராஃபிக்ஸோ இல்லாமல் தோளையும் விரல்களையும் வைத்தே இன்னொருத்தி உள்ளே வந்துவிட்டதைக் காட்டிவிடுகிறார். திகில் படம் என்று நம்பி உட்கார்ந்தால் பாதியில் கறுப்பு நகைச்சுவையாகத் தெரியும், முடிவும் கைக்குச் சிக்காது. எனக்கு அது பிடித்தது, எல்லாருக்கும் பிடிக்காது.

அப்புறம் ‘தி பொசெஷன்’ (2012). சாம் ரைமி தயாரிப்பு, ஓலே போர்னெடால் இயக்கம். ஒரு சிறுமி பழைய சாமான் விற்பனையில் மரப்பெட்டி ஒன்றை வாங்க, உள்ளே இருந்தது வெளியே வந்துவிடுகிறது. உண்மைச் சம்பவம் என்று விளம்பரம் செய்தார்கள். சம்பவம் இதுதான்: 2003இல் ஈபே தளத்தில் ஒரு மதுப் பெட்டியை ‘டிபுக் பெட்டி’ என்று கதைகட்டி ஒருவர் விற்பனைக்குப் போட்டார், அத்தனையும் தன் கற்பனையே என்று 2021இல் அவரே ஒப்புக்கொண்டார். பழைய கதைகளில் டிபுக் மனித உடலைப் பிடிக்கும்; பெட்டியில் பூட்டி வைக்கும் வழக்கம் அங்கே கிடையாது. போதாக்குறைக்குப் படத்தில் வரும் டிபுக்கின் பெயர் அபிஸூ. அது பிறந்த குழந்தைகளைக் கொல்லும் பழைய பெண் பேயின் பெயர். செத்த மனிதனின் ஆன்மாவுக்கும் ஆதிப் பேய்க்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் ‘உனக்கு யார் கடன்?’ என்ற கேள்வியை எதிர்பார்க்கவே முடியாது. ஒரே ஆறுதல், ரபியின் மகனாக வரும் ரெகே பாடகர் மதிஸ்யாகு. அவர் வந்த பிறகு படத்துக்குக் கொஞ்சம் உயிர் வருகிறது.

அந்த ஈபே பெட்டி கடைசியில் கொச்சிக்கும் வந்து சேர்ந்தது. பிருத்விராஜ், பிரியா ஆனந்த் நடித்த மலையாளப் படம் ‘எஸ்ரா’ (2017) நம்மில் பலருக்கு டிபுக் என்ற சொல்லையே அறிமுகப்படுத்தியது. 1568இல் கட்டிய மட்டாஞ்சேரி பரதேசி ஜெபக்கூடம், 1948க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கிளம்பிப்போன ஒரு சமூகம், அவர்கள் விட்டுப்போன சாமான் நிறைந்த பழம்பொருள் கடைகள் என்று மண்ணிலேயே கதை கிடக்கிறது. படமும் அதைப் பாதி புரிந்துவைத்திருக்கிறது. 1940களின் யூத இளைஞனுக்கும் கிறிஸ்தவப் பெண்ணுக்கும் இடையிலான காதல், அதற்கு ஊர் செய்தது எல்லாம் அசல் டிபுக் கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கைக் கடைசி அரை மணி நேரத்தில் அவசரமாகச் சொல்லிவிட்டு, அதற்கு முந்தைய நேரத்தை நிழலுக்கும் சத்தத்துக்கும் செலவழித்துவிட்டார்கள். கொச்சி யூதர்களின் சொந்தக் கதைகளையும் பாட்டுகளையும் தேடாமல், அமெரிக்கப் பெட்டியை இறக்குமதி செய்ததில்தான் எனக்கு வருத்தம். ஆனாலும் ‘தி பொசெஷன்’, ‘எஸ்ரா’ இரண்டில் ஒன்று என்றால் தயங்காமல் ‘எஸ்ரா’. 2021இல் வந்த இந்தி மறு ஆக்கத்தில் கதை மொரீஷியஸுக்குப் போய்விட, இருந்த மண்வாசனையும் போயிற்று.

புரூக்ளினில் இரண்டு பிணங்கள்

‘தி விஜில்’ (2019), ‘தி ஆஃபரிங்’ (2022) இரண்டிலும் புரூக்ளின், ஆசாரம் மிகுந்த ஹசிதிக் யூதச் சமூகம், அடக்கத்துக்குக் காத்திருக்கும் ஓர் உடல். சமூகத்தை விட்டுப்போன ஒருவன் பணமுடையோடு திரும்பி வருவதும் இரண்டிலும் உண்டு. இவ்வளவு ஒற்றுமை இருந்தும் ஒன்று மலை, மற்றது மடு.

யூத வழக்கப்படி, இறந்த நேரத்திலிருந்து அடக்கம் வரை உடலைத் தனியே விடக்கூடாது. பக்கத்தில் ஒருவர் வேதத்தின் சங்கீதங்களை வாசித்தபடி விழித்திருக்க வேண்டும். வீட்டில் ஆள் இல்லையென்றால் கூலிக்கு ஆள் வைப்பதும் உண்டு. கீத் தாமஸின் ‘தி விஜில்’ இந்த ஒற்றை வழக்கத்தை எடுத்துக்கொண்டு ஓர் இரவிலேயே படத்தை முடித்துவிடுகிறது. சமூகத்தைவிட்டு வெளியேறிய யாக்கோவுக்கு வாடகைக்குக் காசில்லை. முன்பு இருந்த காவலாள் பயந்து ஓடிவிட்டான் என்று இவனைக் கூப்பிடுகிறார்கள். நாஜிகளிடமிருந்து உயிர் தப்பிய ஒரு முதியவரின் உடல். மாடியில் நினைவு மங்கிய அவர் மனைவி.

இங்கே வருவது டிபுக் இல்லை, மாஸிக். ‘கேடு செய்வது’ என்று பொருள். யூதச் சட்ட விளக்க நூலான தால்முட் சொல்லும் கணக்கில் ஒவ்வொருவருக்கும் இடப்பக்கம் ஆயிரம், வலப்பக்கம் பத்தாயிரம் இருக்குமாம். படுக்கையைச் சுற்றிச் சாம்பலைச் சலித்துத் தூவினால் காலையில் சேவல் கால் தடம் தெரியுமாம். அத்தனை கூட்டத்தில் ஒன்றை மட்டும் எடுத்து, அதன் தலையைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டது படம். பின்னால் மட்டுமே பார்க்க முடிந்த பேய், பழசை விட முடியாதவனைப் பிடிக்கும். கிழவருக்கு ஒரு பழசு, யாக்கோவுக்கு ஒரு பழசு. அவனுடைய தம்பிக்கு என்ன ஆனது என்பதைப் படம் அளந்து அளந்துதான் சொல்கிறது. நான் மேலே சொன்ன கடன் கேள்வி இங்கே பேயிடம் போகாமல் யாக்கோவிடமே திரும்பி வருகிறது. மிசஸ் லித்வாக்காக வரும் லின் கோயன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பேசியே முதுகைச் சில்லிட வைக்கிறார். தேவையில்லாத இடத்தில் ஒலிப்பெருக்கியைத் திறந்துவிடும் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். ஒன்றரை மணி நேரம்தான்.

‘தி ஆஃபரிங்’கில் சவ அடக்க நிலையம் நடத்தும் தகப்பன், யூதரல்லாத கர்ப்பிணி மனைவியோடு திரும்பி வரும் மகன் என்று நல்ல முடிச்சு இருக்கிறது. தகப்பனாக வரும் ஆலன் கார்டுனரும் அருமை. அந்த உறவை வளர்ப்பதை விட்டுவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அபிஸூவை அனுப்பித் தூக்கிப்போட வைக்கிறார்கள். பேரைச் சரியான பேய்க்கே வைத்தார்கள் என்று ஒரு மதிப்பெண் போடலாம்.

கோலெம் என்றால்

கோலெம் என்பது களிமண்ணில் பிசைந்து, எழுத்தின் சக்தியால் உயிர் கொடுத்த மனித உருவம். அந்தக் கதைக்கு முன்னோடி தால்முடிலேயே உண்டு: ராவா என்பவர் ஒரு மனிதனைப் படைத்து ரபி சேராவிடம் அனுப்ப, பேசினால் பதில் வராததைக் கண்டு ‘உன் மண்ணுக்கே போ’ என்று அவர் சொல்லிவிடுகிறார். 1609இல் மறைந்த பிராகின் ரபி லோவுக்கும் கோலெமுக்கும் முடிச்சுப் போட்டது வெகுகாலம் பின்னால் வந்த கதைசொல்லிகள். நெற்றியில் ‘எமெத்’, அதாவது ‘உண்மை’ என்று எழுதினால் எழும். முதல் எழுத்தை அழித்தால் ‘மெத்’, செத்தது.

பால் வேகனரின் 1920ஆம் ஆண்டு ஜெர்மன் மௌனப்படத்தில் அந்தச் சொல்லை ரபி அஸ்தரோத் என்ற பேயைக் கூப்பிட்டுப் பெறுகிறார். எழுத்திலிருந்தே உயிர் வரும் என்ற நம்பிக்கைக்கு இது நேர் எதிர். ரபியை மந்திரவாதியாகப் பார்க்கும் வெளியாள் பார்வை. ஆனால் கட்டடக் கலைஞர் ஹான்ஸ் பெல்சிக் களிமண்ணில் பிசைந்தது போல எழுப்பிய அந்தக் கோணல் தெருக்களையும், ஒரு சின்னக் குழந்தை கோலெமின் மார்பிலிருந்து நட்சத்திரத்தைப் பிடுங்கும் முடிவையும் பார்த்தால் கோபம் நிற்காது.

இஸ்ரேலின் பாஸ் சகோதரர்கள் எடுத்த ‘தி கோலெம்’ (2018), நம்பிக்கையைச் சரியாகப் பிடித்துப் படத்தைக் கோட்டைவிட்ட ரகம். 17ஆம் நூற்றாண்டு லித்துவேனியா. மகனைப் பறிகொடுத்த ஹன்னா, பெண்களுக்கு மறுக்கப்பட்ட படிப்பைத் தரைக்கு அடியில் ஒளிந்து ஒட்டுக் கேட்கிறாள். அவள் மண்ணைப் பிசைந்து எழுப்பும் கோலெம் இறந்த மகனின் சாயலில் வருகிறது. இந்த ஒரு யோசனைக்கு எழுந்து நின்று கைதட்டலாம். பிற்பாதி முழுக்க ரத்தம், கழுத்துத் திருகல், உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

காதல் கதையோடு மென்மையாக ஒன்று வேண்டுமென்றால் டென்மார்க்கின் ‘அட்டாச்மென்ட்’ (2022) இருக்கிறது. லண்டனின் ஸ்டாம்ஃபோர்ட் ஹில் யூதக் குடியிருப்பில், மகளை ஒரு நொடியும் விட்டு விலகாத தாய். அவள் பயம் எதற்கு என்பதை நான் சொல்லப்போவதில்லை.

இன்றிரவு ஒரே ஒரு படம் என்றால் ‘தி விஜில்’; ஹெட்ஃபோன் போட்டால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் ‘தி டிபுக்’, அதற்கு மறுநாளே ‘டீமன்’. இந்த இரண்டையும் வரிசை மாற்றிப் பார்க்க வேண்டாம். ‘டீமன்’ விருந்தில் ஹனா பேசத் தொடங்கும்போது, முந்தைய படத்தில் கல்லறைக்குப் போன அந்த ஆள் உங்களுக்கு நினைவில் இருக்க வேண்டும்.