கப்பா, பயலுவளா? நம்ம கடக்கரை டீம் செலக்‌ஷனுக்கு மூணு வழி

ஊர் ஃபுட்பால் டீம் செலக்‌ஷன்னு வந்தாலே கமிட்டியில ரெண்டு கட்சி ஆயிருது, ஒரு கட்சி என்ன ஆனாலும் கப்பு வேணும்னு நிக்கும், இன்னொண்ணு சின்னப் பயலுவள எறக்குங்கன்னு நிக்கும். குமரி மாவட்டத்து தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, கேரளா பார்டர் தாண்டுனா பொழியூரு, எங்க போனாலும் இதே வழக்குதான். வழி மூணு இருக்கு, மூணையும் பக்கத்து பக்கத்துல வச்சுப் பாத்தாதான் தெளியும்.

முதல் வழி, கெஸ்ட் பிளேயர். மலப்புறம் செவன்ஸ்ல (டீமுக்கு ஏழு பேர் ஆடுற ஆட்டம்) ஆப்பிரிக்காக்காரங்கள எறக்குற மாதிரி வெளியூர்ல இருந்து நாலு பேரக் காசு குடுத்துக் கூட்டிட்டு வந்து, மிச்சத்துக்கு ஊர் சீனியர். ஜெயிக்க இதவிட நல்ல வழி இல்ல, கூட்டமும் வரும், அத நான் மறுக்கல. ஆனா ஊர்ப்பய என்ன பண்ணுறான்னு பாருங்க. ஜெர்சியப் போட்டுட்டு பெஞ்சுல இருப்பான், 3-0 ஆன பிறகு கடைசி அஞ்சு நிமிஷம் எறக்குவாங்க, பந்து கால்ல வந்ததும் தப்பாயிருமோன்னு பயந்து பக்கத்துல நிக்குறவனுக்குத் தட்டி விட்டுட்டு நிப்பான். எதிராள வெட்டிட்டுப் போற தைரியம் அந்த அஞ்சு நிமிஷத்துல எங்கேருந்து வரும்? ரெண்டு வருசம் இப்படி இருந்தான்னா மீன்பிடி போட்டுல ஏறிருவான், ஆழ்கடலுக்குப் போனா கரைக்கு வர ஒரு மாசத்துக்கு மேல ஆகும், இல்லன்னா கல்ஃப். 17 வயசுல ஆட விடாத பயல 20 வயசுல தேடுனா ஊர்லயே இருக்க மாட்டான்.

ரெண்டாவது வழி, முழுக்கப் பயலுவ டீம். இதுக்கு நம்ம நாட்டுலயே உதாரணம் இருக்கு, இந்தியன் ஆரோஸ். 2017ல அண்டர்-17 உலகக்கோப்ப இங்க நடந்து முடிஞ்சதும் அந்தப் பயலுவள வச்சே இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷன் ஐ-லீக்ங்கிற கிளப் லீக்ல எறக்குச்சு, முதல் மேட்ச்லயே நம்ம சென்னை சிட்டிய 3-0ன்னு அடிச்சானுவ, சீசன் முடியும்போது கடைசி எடம். ஆனா அவங்களுக்கு ரெலிகேஷன், அதாவது கடைசி எடம் வந்தா கீழ் லீக்குக்குத் தள்ளுறது, இல்லாம இருந்துச்சு. எத்தன தோத்தாலும் அடுத்த வாரம் மேட்ச் இருந்துச்சு, அதுலதான் வளந்தானுவ, ஜீக்சன் சிங்கும் திருச்சூர் கே.பி. ராகுலும் அங்க ஆடிட்டுதான் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு வந்தாங்க.

நம்ம கதை அப்படியா? நம்ம டோர்னமெண்ட் எல்லாம் நாக்கவுட்டு. தோத்தா அன்னைக்கே வீடு. 11 பயலுவள எறக்கி முதல் ரவுண்டுலயே 4-0ன்னு வாங்கிட்டு வந்தா அவனுக்குக் கெடச்சது ஒரே ஒரு மேட்ச், அதுலயும் பாதி நேரம் சொந்த பாக்ஸுக்குள்ளயே. ஒரு கார்னர் வரட்டும், ரெண்டு ஸ்டாப்பரும் (கோலி முன்னால நடுவுல நிக்குற டிஃபெண்டர்) பயலுவன்னா யாரு யாரப் பிடிக்கணும்னு கத்த ஆளே இருக்காது, எல்லாரும் பந்தயே பாத்துட்டு நிப்பான், பின்னால நிக்குறவன் சும்மா வந்து தலையால முட்டிட்டுப் போவான். பயலுவளுக்கு சான்ஸ் குடுக்கணும்னு உண்மையா நெனக்கிறவங்க இத யோசிக்கணும், நாக்கவுட்ல பயலுக்கு நாலு மேட்ச் கெடைக்கணும்னா டீம் மூணு மேட்ச் ஜெயிக்கணும். அப்ப ஜெயிக்கிறதும் வளக்கிறதும் எங்க தனித்தனியா இருக்கு?

(ஊர்க்காரன் மட்டும் போதும்னு சொல்லுற பெரியவங்க ஸ்பெயின் கிளப் அத்லெட்டிக் பில்பாவோவக் காட்டுவாங்க, தங்க பாஸ்க் வட்டாரத்து ஆளுங்கள மட்டும் வச்சு லா லிகால இருந்து ஒருதடவ கூட கீழ் லீக்குக்குப் போகாத டீம், 2024ல ஸ்பெயின் கப்பான கோப்பா டெல் ரேயும் அடிச்சாங்க. நல்ல விசயம்தான், ஆனா அது ஒரு முழு வட்டாரத்துக்கே அகாடமி வச்சு ஆளெடுக்குற கிளப், நம்மளது ஒரே ஒரு கடக்கரை ஊரு.)

அதனால எனக்கு மூணாவது வழிதான், கலப்பு. 2019ல நெதர்லாந்து கிளப் அயாக்ஸ் சாம்பியன்ஸ் லீக் செமிஃபைனல் வரைக்கும் போச்சே, எல்லாரும் பயலுவ டீம்னு சொன்னாங்க, கேப்டன் டி லிக்டுக்கு வயசு 19, சரிதான். ஆனா அவன் பக்கத்துல ஸ்டாப்பரா நின்னது உலகக்கோப்ப ஆடுன பிளிண்ட், முன்னால 30 வயசு டாடிச், ரெண்டு பேரையும் அதுக்கு முந்துன கோடையிலதான் காசு குடுத்து எடுத்தாங்க. நம்ம ஊருக்கும் அதே கணக்கு: கோலி, ஒரு ஸ்டாப்பர், நடு மிட்ஃபீல்டு மூணும் சீனியர், இதுல ஆள் இல்லாத எடத்துக்கு மட்டும் ஒரு கெஸ்ட். ரெண்டு விங்கும் இன்னொரு ஸ்டாப்பரும் பயலுவ, முதல் விசில்ல இருந்து. சப்ஸ்டிட்யூட்டா எறக்குறத நான் கணக்குலயே சேக்க மாட்டேன்.

இதுல சீசனையும் பாக்கணும். மேற்குக் கடல்ல ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், சீனியர் சேட்டன்மாரு எல்லாரும் கரையில இருப்பாங்க, கிறிஸ்மஸுக்கும் அப்படித்தான், பெரிய டோர்னமெண்டும் அப்பதான் வரும், பயலுவ எடம் சுருங்குறதும் சரியா அப்பதான். மத்த மாசம் சீனியர் கடல்ல, ஆளில்லாம பயலுவதான் ஆடுறான், அதக் காட்டி "நாங்க சான்ஸ் குடுக்கோமே"ன்னு கமிட்டி சொன்னா ஏத்துக்க முடியாது. சின்ன டோர்னமெண்டுக்கு முழுப் பயலுவ டீமே போகட்டும், தடைக்காலத்துல பயலுவளுக்குன்னு ஒதுக்குன அந்த மூணு எடத்துல யாரும் கை வைக்கக் கூடாது.

நல்லா ஆடுறான்னு ஒரே பயல எல்லாத்துலயும் எறக்குறதும் தப்பு. பெட்ரி 18 வயசுல ஒரே சீசன்ல பார்சிலோனாவுக்கும் ஸ்பெயினுக்குமா 73 மேட்ச் ஆடுனான், அடுத்த சீசன்ல தொடையப் பிடிச்சிட்டு பாதி நாள் வெளியதான் இருந்தான். அவனுக்கு டாக்டரும் பிசியோவும் இருந்தாங்க. நம்ம பய ஸ்கூல் டீம், ஊர் டீம், பக்கத்து ஊருக்கு செவன்ஸ்னு ஒரே வாரத்துல ஓடுறான், வீங்குன கணுக்கால்ல துணியச் சுத்திட்டு பூட்ஸ மாட்டுறான், எங்கள்ல ஒருத்தன் கூட ஏண்டான்னு கேக்குறதில்ல. வாரத்துக்கு ரெண்டு மேட்ச், அதுக்கு மேல கெஞ்சுனாலும் விடக் கூடாது.

கடைசியா, கமிட்டிக்காரங்க கிட்ட ஒண்ணு கேக்குறேன். செமிஃபைனல்ல 1-0 பின்னால இருக்கும்போது முதல்ல வெளிய கூப்பிடுறது எப்பவும் விங்ல ஓடுற பயலத்தான். அறுபதாவது நிமிசம் மூச்சு வாங்கிட்டு நிக்குறது யாருன்னு ஒருதடவ பாத்துட்டு நம்பர் போர்டத் தூக்குங்க.