அமைதிப் பேரணியா, சமாதானக் குழுவா?

மத நல்லிணக்கத்துக்குப் பேரணி நடத்தலாமா, குழு அமைக்கலாமா? குமரி மாவட்டத்துச் சபை இளைஞர்கள் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

செலவு: பேரணிக்கு மைக் செட், பேனர், வேன் வாடகை.
குழுவுக்கு டீச் செலவு போதும். நேரம்தான் நிறைய போகும்.

எளிமை: பேரணிக்குப் போலீஸ் அனுமதி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.
குழுவிலோ கோயில் நிர்வாகி, சர்ச்சின் பங்குப் பேரவை ஆள், ஜமாத் தலைவர் மூவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைப்பதே பெரும்பாடு.

நீடிப்பு: பேரணி அன்றோடு சரி. 1982இல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிய மண்டைக்காடு கலவரத்துக்குப் பின், சைவ மடத் தலைவர் குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து இரு தரப்போடும் பேசினார். பேச்சுதான் மனங்களை இளக்கியது. கோயில் கொடைவிழா ஒலிபெருக்கி எந்தப் பக்கம் திரும்பணும், குருசடி (சிலுவை நிற்கும் சிறு வழிபாட்டிடம்) முன் ஊர்வலம் எப்போது கடக்கணும் என்ற சில்லறை விஷயத்தில்தான் தீ பற்றும். அதை முந்தின நாளே பேசித் தீர்க்கக் குழுவால் முடியும். பைபிளில் மத்தேயு 18:15 சொல்வதும் நேரில் போய்ப் பேசு என்றுதான்.

மோதல் நடந்து, மக்கள் பயந்து கிடக்கும் ஊரில், பதற்றம் தணிந்தபின் எல்லா மதத்தாரும் சேர்ந்து நடக்கும் பேரணி தெம்பு தரும். மற்ற ஊர்களில் குழுதான். திருவிழாவுக்கு முன்பே தொடங்குங்கள். பெண்களையும் கட்டாயம் சேருங்கள்.