மார்பில் நமைச்சல்: மெடிக்கல் டியூபா, ஆஸ்பத்திரியா?

பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்களுக்கு இது புதிதில்லை. மணிக்கணக்கில் உப்புத்தண்ணி, கரையேறினால் உடுத்திய துணி மேலேயே காயும், அதோடு பாம்பன் வெயிலின் வேர்வை. மார்புக்குக் கீழே மடிப்பில் தோல் சிவந்து நமைக்கும். நானும் பட்டேன். வெளியே சொல்லக் கூசி முதலில் மெடிக்கலில் கிரீம் டியூப் வாங்கினேன். பிறகுதான் ஆஸ்பத்திரி போனேன். இப்போது கேட்டால் ஆஸ்பத்திரிதான் என்பேன்.

தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு நல்லது, வேர்வையில் வந்த படைக்குப் போதாது.

டியூபில் வசதி உண்டு. பஸ் ஏற வேண்டாம், ஒருநாள் கூலி போகாது, யாரிடமும் காட்ட வேண்டாம். தடவிய மறுநாளே நமைச்சல் அடங்கியது. ஆனால் அது ஸ்டீராய்டு கலந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும், படைக்குக் காரணமான பூஞ்சை மட்டும் சாகாமல் பரவும். நிறுத்திய பத்தாம் நாள் படை இரண்டு மடங்காகத் திரும்பியது. நாள்பட்டால் தோல் மெலிந்து வரியும் விழும். இந்த வகைக் கிரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று 2018-லேயே விதி வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது: "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமாம்மா? காம்புலயா, கீழயா?" நான் ஆஸ்பத்திரியைச் சொல்வதே இந்தக் கேள்விக்காகத்தான். இரண்டு பக்கமும் மடிப்பில் நமைத்தால் பெரும்பாலும் வேர்வை, பூஞ்சை, சோப்பு, இறுக்கமான பாடி. ராத்திரியில் கூடி, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் சிரங்கு. எல்லோரும் சேர்ந்து மருந்து போட வேண்டும். ஆனால் ஒரே பக்கம், காம்பிலேயே தொடங்கி, செதில் உதிர்ந்து, வெடித்து, நீரோ ரத்தமோ கசிந்தால் அது பேஜட் நோயாக இருக்கலாம். அபூர்வமான மார்பகப் புற்றுநோய் அது. பார்க்கக் கரப்பான் என்கிற தோல் நோய் (எக்ஸிமா) மாதிரியே இருக்கும். கிரீமுக்குக் கொஞ்சம் அடங்கினாற்போலவும் காட்டும், அதை நம்பி மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. துளி தோல் எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். மார்பு சிவந்து, சூடாகி, வீங்கி, தோல் ஆரஞ்சுத் தோல் போலக் குழிந்தாலும், கட்டி தட்டுப்பட்டாலும், காம்பு புதிதாக உள்ளே இழுத்தாலும் நாள் கடத்தக் கூடாது.

மடிப்பில் வரும் சாதாரண நமைச்சலென்றால் கரையேறியதும் நல்ல தண்ணியில் குளித்து, ஈரம் போகத் துடைத்து, பருத்தித் துணி போட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் கிளம்புங்கள்.

பால் கொடுக்கும்போது வரும் அரிப்பு எனக்கு வந்ததில்லை. குழந்தை வாயில் வெள்ளை படிந்திருந்தால் இருவருக்கும் மருந்து வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்புப் பரிசோதனை இலவசம். மேற்கொண்டு பார்க்க ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பெண் டாக்டர் வேண்டுமென்று கூசாமல் கேளுங்கள். தடவிய டியூபையும் கையோடு கொண்டுபோங்கள். என்னுடையதைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் படை ஏன் பரவியது என்று அவர்களுக்குப் புரிந்தது.