டாக்டர் இல்லாத டாக்டர் ஹூ

பாளையங்கோட்டையில் மழை கொட்டிய ஒரு ராத்திரி, மச்சான் தந்த டிவிடியில் ‘டவுன்டைம்’ பார்த்தேன். 1989இல் ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைகதை டிவி தொடர் நின்றுபோனபின், ரீல்டைம் பிக்சர்ஸ் என்ற சின்னக் கம்பெனி 1995இல் எடுத்த கிளைக்கதை. தொடரின் நாயகன் டாக்டர் பிபிசியின் சொத்து, தொட முடியாது. ஆனால் தொடரில் வந்த யெட்டி என்ற ரோமப் பூதம் அதை உருவாக்கிய எழுத்தாளர்களுடையது. அவர்களிடமே அனுமதி வாங்கிவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்தான்!

பூதம் பயமுறுத்தவில்லை. “ஏல, யாரோ கம்பளியப் போத்திக்கிட்டுல்லா வாரான்” என்றாள் ஆச்சி. நடுவில் இழுவை வேறு. ஆனால் டாக்டரின் பழைய ராணுவ நண்பர் பிரிகேடியராக நிக்கலஸ் கோர்ட்னி வந்து நின்றால், சரி, மற்றதெல்லாம் மறந்துபோகிறது. பிரிகேடியரின் மகள் கேட் முதலில் தலைகாட்டியது இதில்தான். 2012இல், மறுபடி உயிர்பெற்றிருந்த தொடரே அவளை எடுத்துக்கொண்டது, நடிகையை மட்டும் மாற்றி.